படிவத்தில் பிறந்த சித்தப்பா

கீபோர்டு அக்காவுக்கு எண்ணூறு பாட்டுகளின் தொடக்கம் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாமல்தான் இருபத்தாறு வயதுவரை இருந்தாள். இசைக்கருவிக் கடையில் விற்பனைப் பெண் வேலை. வாடிக்கையாளர் வந்து நின்றால், முகத்தைப் பார்த்து வயதைக் கணித்து, அவர் இளமையில் கேட்டிருக்கக்கூடிய பாட்டு ஒன்றின் முதல் நான்கு வரியை வாசிக்க வேண்டும். வாங்குகிற ஆள் நான்கு வரிக்குள் பணப்பையைத் தொட்டுவிடுவார். தொடாதவருக்கு ஐந்தாவது வரி தண்டம் என்பது முதலாளியின் கணக்கு.

அந்தக் கடைக்குக் கிட்டார் தந்தி வாங்க வந்தவர்தான் மாஸ்டர். ஓட்டல் ஒன்றின் இரண்டாம் மாடி உணவுக்கூடத்தில் மாலைதோறும் அடுத்தவர் பாட்டுகளை வாசிக்கும் நாலு பேர் குழுவுக்குத் தலைவர். அவள் விரல்களைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றவர், மிச்சப் பாட்டையும் வாசித்துப் பார்க்க ஆசை வரவில்லையா என்று கேட்டார். அடுத்த வாரம் அவள் கடையை விட்டாள். கணவர் அச்சகத்தில் தாள் வெட்டுபவர். நாள் முழுக்க இயந்திரத்தின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு மௌனம்தான் சங்கீதம். அவள் வெளியில் போய் வாசித்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று சந்தோஷமாகவே அனுப்பிவைத்தார்.

அடுத்தவர் பாட்டை வாசித்துப் பிழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு வானத்திலிருந்து விழுவதும் இல்லை. யாரோ ஒரு மனிதர் வாடகை பாக்கியோடு உட்கார்ந்து உண்டாக்கியது அது. அதற்காகத்தான் ஓட்டல்கள் உரிமைச் சங்கத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகின்றன. எந்தெந்தப் பாட்டை வாசித்தோம், இசை யார், வரிகள் யார் என்று குழு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும். சங்கம் அதைப் பார்த்துப் பணத்தைப் பிரித்துக்கொடுக்கும். ஏட்டில் இப்படித்தான். நடப்பில், பெரும்பாலான குழுக்கள் பேர்பெற்ற பத்துப் பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, அதையே நகலெடுத்து வருடம் முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தன. எனவே பணம் ஏற்கெனவே பணம் இருந்த வீடுகளுக்கே போனது. ஒரே ஒரு பாட்டோடு ஓய்ந்துபோன இசைக்காரரின் மனைவி, அந்தப் பாட்டு தினமும் எங்கேயோ ஒலித்துக்கொண்டிருக்க, காலி அஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள்.

கீபோர்டு அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. குழுவில் சேர்ந்த முதல் மாதமே படிவ வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வாசித்த இருபத்திரண்டு பாட்டையும், ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரையும் தேடிப் பிடித்து, அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில் எழுதுவாள். டிரம்ஸ் வாசிப்பவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். அவர் வாயும் அப்படித்தான். மற்றவனெல்லாம் நகலெடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான், இவள் மட்டும் பொதுத்தேர்வு எழுதுகிறாள் என்று கேலி செய்வார்.

“அடுத்தவங்க தைச்ச சட்டையைப் போட்டுட்டுத்தானே மேடை ஏறுறோம், இடி. தைச்சது யாருன்னாவது சொல்ல வேண்டாமா?” என்பாள் அக்கா.

இந்த நேர்மையில்தான் அந்த ஆள் பிறந்தார்.

நிகழ்ச்சியின் நடுவில் நான்கு நிமிட இடைவெளி ஒன்று உண்டு. பாடுபவர் வெந்நீர் குடிப்பார், பரிசாரகர்கள் தட்டுகளை மாற்றுவார்கள். அந்த நான்கு நிமிடத்தை நிரப்ப அக்கா ஒரு மெட்டு வாசிப்பாள். வார்த்தை இல்லாத மெட்டு. அவளே உண்டாக்கியது. அவள் வாழ்க்கையில் உண்டாக்கிய ஒரே மெட்டு. அதற்கு 'ஈரத்துணி' என்று பெயர் வைத்திருந்தாள். மூன்று பகுதி உண்டு. ஆனால் தட்டு மாற்ற இரண்டு பகுதி போதும் என்பதால் மூன்றாவதை ஓட்டலில் வாசித்ததே இல்லை. அது வீட்டில், கணவர் இல்லாத பொழுதுகளில் மட்டும்.

முதல்முறை அதைப் படிவத்தில் எழுதியபோது 'இசை' என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். படிவம் திரும்பி வந்தது. வாசிப்பவரே இசையமைப்பாளர் என்றால் சங்க உறுப்பினர் எண் வேண்டுமாம். உறுப்பினராக வேண்டுமானால் வெளிவந்த பாட்டு ஐந்து காட்ட வேண்டுமாம். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். மறுபடியும் முழுப் படிவமும் திரும்பி வந்தது. அவளுடைய மெட்டு போனால் போகட்டும், கூடவே மற்ற இருபத்தொரு பேரின் பெயர்களும் செல்லாமல் போயின. அதுதான் அவளைக் குடைந்தது. வாசிப்பவர் அல்லாத வேறொருவர் இசை என்றால் மட்டும் எண் வேண்டாம். பெயரை எழுதி, 'இருப்பிடம் தெரியாது' என்று குறியிட்டால் போதும்.

“யாராவது ஒரு ஆள் பேரைப் போட்டுத் தொலைக்கா. இல்லாத ஆளா இருந்தா இன்னும் விசேஷம். வந்து பங்கு கேக்க மாட்டான்,” என்றார் இடி.

ஓட்டல் வாசலில் நின்ற லாரியின் பின்பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. எதிரே மருந்துக்கடைப் பலகையில் இன்னொன்று. மாஸ்டர் முன்பாதியை அதிலிருந்தும் பின்பாதியை இதிலிருந்தும் எடுத்து ஒட்டினார். அக்கா எழுதினாள். படிவம் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அந்த ஆள் குழுவுக்குச் சித்தப்பா ஆனார். இடைவெளி வந்தால் மாஸ்டர், “சித்தப்பாவைக் கூப்பிடு” என்பார். அக்கா ஈரத்துணியைத் தொடங்குவாள். மெட்டில் விரல் தவறினால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும் என்பார் இடி. சித்தப்பா வெளிநாட்டில் இருப்பதாகவும், அங்கே இரண்டு குடும்பம் என்றும், சொத்தை யாருக்கு எழுதுவது என்ற குழப்பத்தில் முடி கொட்டிவிட்டதாகவும் இடியே கதை கட்டினார். அடுத்த ஆண்டு சங்கம் அச்சிட்ட 'இருப்பிடம் தெரியாத இசையமைப்பாளர்கள்' பட்டியலில் சித்தப்பாவின் பெயர் வந்தபோது, நால்வரும் காப்பி வாங்கிக் குடித்துக் கொண்டாடினார்கள்.

பதினாலாம் ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயரைக் காணவில்லை. சங்கத்தார் விழித்துக்கொண்டார்கள் போல என்று அக்கா நினைத்தாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் படிவம் கணினிக்கு மாறியிருந்தது. ஒருநாள் 'ஈரத்துணி' என்று தட்டியதும், பக்கத்துக் கட்டம் தானாக நிரம்பியது. பெயர். பிறந்த ஆண்டு. உறுப்பினர் எண்.

அவள் கையை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டு மணி. சன்னலில் வெயில் பளிச்சென்று இருந்தது. பிறந்த ஆண்டை அவள் எழுதியதே இல்லை.

பேய் பிசாசை அவள் நம்பினவள் அல்ல. தன் வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தவர்களைச் சான்று கேட்டே விரட்டியிருக்கிறாள். வேறு யாருடைய விவரத்தையோ தவறாக ஒட்டிவிட்டார்கள் என்று மாஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் அன்று மாலை இடைவெளி வந்தபோது யாரும் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. மாஸ்டர் தலையை மட்டும் அசைத்தார்.

நான்கு ஆண்டு அப்படியே ஓடியது. பிறகு குழுவின் ஆண்டு நிறைவு வந்தது. மாஸ்டர் வற்புறுத்தியதால் அக்கா முதல்முறையாக ஒலிவாங்கியில் பேசினாள். மகளுக்கு நாலு வயதில் மூன்று நாள் விடாத காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது மேசை விசிறியின் கடகடச் சத்தமே தாளமாகி அந்த மெட்டு வந்தது, என்றாள். சாப்பிட வந்த யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். பல ஆயிரம் பேர் பார்த்தார்கள். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் பெயரைப் போட்டு, ஓட்டலில் வாசிக்கும் ஈரத்துணியின் இரண்டு பகுதியைத் தனியாகப் பதிவுசெய்து தானும் ஏற்றினாள்.

ஒன்பதாம் நாள் அது நீக்கப்பட்டது. உரிமையாளரின் முறையீடு என்று அறிவிப்பு. இரண்டு வாரம் கழித்துக் கடிதமும் வந்தது. தன் படைப்பை அனுமதியின்றி எடுத்து இன்னொருவர் சொந்தம் கொண்டாடுவது தனக்கு வேதனை தருவதாகச் சித்தப்பா எழுதியிருந்தார். கீழே நீல மையில் நடுங்கும் கையெழுத்து.

மகள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“அம்மா, இது உன் கையெழுத்து மாதிரியே இருக்கு.”

அக்கா வாங்கிப் பார்த்தாள். எழுத்துகள் நடுங்கின. ஆனால் வளைவு அவளுடையது. கணினி வரும்வரை படிவத்தில் அவள் அந்தப் பெயரை எப்படி எழுதினாளோ, அப்படியே கையெழுத்துப் போடப்பட்டிருந்தது.

இந்த வயதில் வம்பு எதற்கு, ஒரு மெட்டுதானே, விட்டுவிடு என்றார் கணவர். ஒரு மெட்டுதான் என்பதால்தான் விட முடியாது என்றாள் அவள். எண்ணூறு பாட்டுக்கு உரியவர் பெயரைச் சரியாக எழுதியவளுக்கு, தன் ஒன்றின் மேல் தன் பெயர் வேண்டியிருந்தது. சங்கத்துக்கு மறுப்பு எழுதினாள். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

சங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடி. நீண்ட தாழ்வாரம், கண்ணாடிக் கதவு வைத்த அறை. பதிவு அலுவலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, பென்சில் முனையைக்கூட நேராக வைக்கிற மனிதர். மேசைமேல் கட்டுக் கட்டாகத் தாள்கள். ஐயாயிரத்துச் சொச்சம் படிவங்கள். ஒன்றை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

“இது உங்க கையெழுத்துதானேம்மா?”

“ஆமா.”

“இசைங்கற கட்டத்துல நீங்க எழுதியிருக்கறது உங்க பேரா?”

“இல்லை சார். அப்படி ஒரு ஆளே கிடையாது. நாங்களா வச்ச பேரு.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கேலி இல்லை.

“ஆள் வெளியில உட்கார்ந்திருக்காரும்மா.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தாழ்வாரத்துப் பெஞ்சில், ஒரு முதியவர் கைகளை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தார். மழித்த முகம். பெட்டி மடிப்புக் கலையாத புதுச் சட்டை. அவளைப் பார்த்ததும், ரொம்ப நாள் பழகியவர் போலத் தலையசைத்தார்.

அவரை உள்ளே அழைத்துவந்தது ஒரு வசூல் நிறுவனத்தின் ஆள். அந்த நிறுவனத்தின் தொழில் எளிமையானது. இருப்பிடம் தெரியாதவர் பட்டியலை எடுத்துக்கொள்வார்கள். அதே பெயருள்ள ஒருவரை எங்காவது கண்டுபிடிப்பார்கள். பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருப்பவருக்கு ஐந்து பாட்டு கேட்காமலே உறுப்பினர் எண் கிடைத்துவிடும். முதியோர் இல்லங்களில் தேடினால் வேலை சுலபம். கேள்வி கேட்க உறவு இருக்காது, மறுக்க நினைவு இருக்காது. சேர்ந்திருக்கும் தொகையில் நூற்றுக்கு எழுபது நிறுவனத்துக்கு. எல்லாம் சட்டப்படி. முதியவரின் அடையாள அட்டையில் லாரியின் பாதியும் மருந்துக்கடையின் பாதியும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்திட்டபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுத்தாளை எடுத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவளுடைய படிவம் ஒன்றின் நகலிலிருந்து கத்தரித்த துண்டு.

அக்காவுக்கு மூச்சு திரும்பியது. சூதின் இயந்திரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இனி பயப்பட ஒன்றுமில்லை. மெட்டு எப்படி உருவானது என்று அலுவலர் கேட்டார். முதியவர் தயங்காமல் தொடங்கினார்.

“பாப்பாவுக்குக் காய்ச்சல். மூணு நாளா இறங்கலை. நெத்தியில துணியை நனைச்சு நனைச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். மேசை விசிறி ஒன்னு, கடகடன்னு ஓடுது. அதுலதான் வந்துச்சு.”

வீடியோவைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் நிறுவனத்து ஆளைப் பார்த்தாள். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதியவர் நிறுத்தவில்லை.

“மருந்தை ஊட்டுறப்ப தட்டிவிட்டுட்டா. தலையணையில பழுப்பாக் கறை. எத்தனை தடவை துவைச்சும் போகலை. அப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுட்டோம்.”

இதை அவள் ஒலிவாங்கியில் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. கறைப் பக்கம் கீழே இருக்கும்படி அந்தத் தலையணை அவள் வீட்டில் பல ஆண்டு கிடந்தது. எந்த வீட்டுத் தலையணையில்தான் மருந்து சிந்தவில்லை, யார்தான் திருப்பிப் போடவில்லை என்று உடனே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அறிவு ஏற்றுக்கொண்டது. பிடரி ஏற்கவில்லை.

சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் அலுவலரிடம் திரும்பி, இந்த மெட்டுக்கு மூன்றாம் பகுதி ஒன்று உண்டு, அது வெளியில் எங்கேயும் வாசிக்கப்படவில்லை, உண்டாக்கியவருக்கு மட்டும்தான் தெரியும், அவரைப் பாடச் சொல்லுங்கள் என்றாள். நிறுவனத்து ஆள் முதன்முறையாகக் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தார். சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

முதியவர் கண்ணை மூடினார். இரண்டாம் பகுதியின் கடைசி வரியை முணுமுணுத்தார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு தொடர்ந்தார்.

அது அவளுடைய மூன்றாம் பகுதி அல்ல. ஆனால் அது ஒரு மூன்றாம் பகுதி. அவளுடையது மேலே ஏறும் இடத்தில் இது கீழே இறங்கியது. விசிறி சுழற்சி குறைந்து நிற்பதுபோலத் தயங்கித் தயங்கி இறங்கி, காய்ச்சல் விட்ட உடம்பின் ஓய்வோடு முடிந்தது. அவளுடையதைவிட நன்றாக இருந்தது. பாடி முடித்தபோது அலுவலரின் பென்சில் கோணலாகக் கிடந்தது.

“இது இல்லையா?” என்று முதியவர் அவளிடம் கவலையோடு கேட்டார்.

இரண்டு பகுதியைக் கேட்ட காது மூன்றாவதைக் கட்டிவிடும். இசை தெரிந்த யாரும் செய்யக்கூடியது. அந்த மனிதர் எங்கோ எப்போதோ பாடியவராக இருக்கலாம். இப்படியெல்லாம் அவள் பேருந்தில் வரும்போது விளக்கிக்கொண்டாள். வீட்டில் கணவர் இன்னும் வந்திருக்கவில்லை. கீபோர்டின் முன் உட்கார்ந்து ஈரத்துணியைத் தொடங்கினாள். முதல் பகுதி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் விரல் கீழே இறங்கியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். மறுபடியும் இறங்கியது. மேலே ஏறும் முதல் சுரம் எது என்று தேடினாள். பதினெட்டு ஆண்டு பழகிய இடத்தில், பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல விரல் தேடியது. அவளுடையது அங்கே இல்லை.

மாலை மகள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஒரே இடத்தில் இருபதாவது முறையாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மாஸ்டரும் இடியும் வீட்டுக்கே வந்தார்கள். சங்கத்துக்கு அவள் என்ன எழுதித் தரப்போகிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொய்ப் பெயர் எழுதினோம் என்று ஒப்புக்கொண்டால் குழுவின் வாசிப்பு அனுமதி ஒரு வருடத்துக்குப் போகும். நிறுவனம் பாதிப் பங்கு தரத் தயார் என்று தூது விட்டிருக்கிறது, வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாமே என்று மாஸ்டர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். இடி கேலி எதுவும் சொல்லவில்லை.

“பொய்யை எழுதினது என் கை மாஸ்டர். இன்னைக்கு அதுக்குச் சட்டை வாங்கிப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நாளைக்கு இந்தப் பட்டியல்ல இருக்கற அத்தனை பேருக்கும் வாங்குவாங்க. நிஜமா பாட்டு எழுதினவன் பொண்டாட்டி எங்க போய் நிப்பா?” என்றாள் அக்கா.

ஒரு வருடம் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் சொன்னது இடிதான்.

மூன்றாம் மாடியில் அவள் மூன்று பக்கம் எழுதினாள். லாரி, மருந்துக்கடை, எல்லாம். கையெழுத்திட்டுத் தேதி போட்டாள். அலுவலர் இரண்டு தடவை படித்தார். அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து இன்றே நீக்கப்படும் என்றார். நிறுவனத்தின்மேல் விசாரணை நடக்கும். ஆனால் மெட்டு அவளுடையது என்பதற்கும் சான்று ஏதும் இல்லை. இருப்பதெல்லாம் அது வேறொருவருடையது என்று அவளே எழுதிய ஐயாயிரம் தாள்கள்தான். எனவே இனி 'ஆசிரியர் அறியப்படவில்லை' என்று இருக்கும். அவள் எதிர்பார்த்ததுதான். தலையசைத்தாள்.

வெளியே வந்தபோது தாழ்வாரத்துப் பெஞ்சில் முதியவர் இருந்தார். கையெழுத்துக்காகக் கூட்டிவந்த நிறுவனத்து ஆள், செய்தி தெரிந்ததும் காணாமல் போயிருந்தார். முதியோர் இல்லத்து வண்டி வரும்வரை அவர் தனியாகத்தான் உட்கார வேண்டும். அவள் பக்கத்தில் அமர்ந்தாள். சொல்லாமல் போயிருக்கலாம். அது அவளால் முடியவில்லை. மெட்டு அவர் உண்டாக்கியது அல்ல, அவரிடம் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த கதை அது, பெயர்கூடத் தாங்கள் ஒட்டியது, தற்செயலாக அவருடையதோடு பொருந்திவிட்டது என்று ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள். மூன்றாம் பகுதி மட்டும் அவருடையதுதான், நிச்சயமாக அவருடையது என்றும் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படவில்லை.

“அப்ப காய்ச்சல்ல கிடந்த பாப்பா?”

“அது என் பொண்ணுதாங்க.”

“நல்லா இருக்காளா?”

“இருக்கா. வேலைக்குப் போறா.”

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முழங்கால்மேல் இருந்த கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். துணி பிழிந்த கை போல விரல்கள் மடங்கியிருந்தன.

“இல்லத்துல எல்லாரும் சொல்வாங்க, எனக்குப் புள்ளைங்களே கிடையாதுன்னு,” என்றார். “நான்தான் நம்பலை.”